பெரிய எழுத்தும் முற்றுப்புள்ளியும்: முசலியில் ஆங்கிலம் கற்பிப்போருக்கு ஒரு திறந்த மடல்

முசலிப் பகுதியின் கொண்டச்சி, சிலாவத்துறை, அரிப்பு, பொற்கேணி, பண்டாரவெளி, மறிச்சுக்கட்டி முதலிய ஊர்களின் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்பிக்கும் மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களே,

உங்கள் மேசைக்கு வந்து சேரும் அப்பியாசக் கொப்பிகளில் நீங்கள் சிவப்பு மையால் மீண்டும் மீண்டும் திருத்துவன எவை என்பதை உங்களைவிட நன்கு அறிந்தவர் எவருமில்லை. வாக்கியத்தின் முதலெழுத்து சிறியதாக இருக்கிறது. ஊரின் பெயரும் ஆளின் பெயரும் சிறிய எழுத்தில் தொடங்குகின்றன. ஐந்து வரிகள் கடந்தும் முற்றுப்புள்ளி வருவதில்லை. சொல்லொன்றின் நடுவே எக்காரணமுமின்றிப் பெரிய எழுத்தொன்று நுழைந்திருக்கிறது. இவற்றைக் கவனக்குறைவு என்று பெயரிட்டு, மாணவரைக் கண்டித்து, அடுத்த கொப்பியைத் திறப்பதே பெரும்பாலான வகுப்பறைகளின் வழக்கமாகிவிட்டது. இவை கவனக்குறைவினால் நேர்பவை அல்ல என்பதையும், காரணம் சொல்லிக் கற்பிக்கப்படாத ஒரு புதிய எழுத்துமுறையின் விளைவுகளே என்பதையும் எடுத்துரைத்து, உங்களிடம் ஒரு வேண்டுகோளை முன்வைப்பதே இம்மடலின் நோக்கமாகும்.

கொண்டச்சிப் பிள்ளை ஒன்று பத்து வயதை எட்டுவதற்குள் நான்கு எழுத்துமுறைகளை எதிர்கொள்கிறது என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். வீட்டிலும் பாடசாலையிலும் தமிழ்; குர்ஆன் மத்ரஸாவில் அரபு; இரண்டாம் மொழிப் பாடத்திலும் பேருந்துப் பலகையிலும் சிங்களம்; இவற்றுக்குப் பின் ஆங்கிலம். இந்நான்கனுள் முதல் மூன்றிலும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடே இல்லை. தமிழில் 'மன்னார்' என்னும் ஊர்ப்பெயரின் மகரமும் 'மரம்' என்னும் பொதுப்பெயரின் மகரமும் ஒன்றே. வாக்கியத்தின் தொடக்கத்தில் நின்றாலும் நடுவில் நின்றாலும் அந்த எழுத்தின் வடிவம் மாறுவதில்லை. அரபு எழுத்து சொல்லின் முதலில் ஒரு வடிவமும் இடையில் ஒரு வடிவமும் கடையில் ஒரு வடிவமும் கொள்ளுமாயினும், அம்மாற்றம் அடுத்த எழுத்தோடு இணைவதற்காக நிகழ்வதேயன்றி, அச்சொல் ஒருவருடைய பெயரா அன்றா என்பதை உணர்த்துவதற்காக நிகழ்வதன்று. ஆகவே எழுத்தின் உருவம் பொருளையும் இலக்கணத்தையும் சுட்டக்கூடும் என்ற எண்ணம் அப்பிள்ளைக்கு முற்றிலும் புதியது. மூன்று எழுத்துமுறைகளில் தேவைப்படாத ஒன்றை நான்காவதில் மட்டும் இயல்பாகவே கடைப்பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகுமா என்பதை நீங்களே சொல்ல வேண்டும்.

அதே வேளையில், மத்ரஸாவுக்குச் செல்லும் பிள்ளையிடம் உங்களுக்கு உதவக்கூடிய ஓர் அறிவு ஏற்கெனவே இருக்கிறது. ஓரெழுத்து ஒன்றுக்கு மேற்பட்ட உருவங்களைப் பெறலாம் என்பதும், நிற்கும் இடத்தைப் பொறுத்து உருவம் மாறலாம் என்பதும் அதற்குத் தெரியும். தமிழ்ப் பாடத்தில் மொழிமுதல் எழுத்துகள் எவை, மொழியிறுதி எழுத்துகள் எவை என்று படிக்கும்போது, எழுத்துக்கும் அது நிற்கும் இடத்துக்கும் தொடர்பு உண்டு என்பதையும் அது அறிந்துகொள்கிறது. இவ்விரண்டையும் தொட்டுக்காட்டி ஆங்கிலப் பெரிய எழுத்தை அறிமுகப்படுத்தும் ஆசிரியர் புதிதாக ஒன்றைத் திணிப்பதில்லை. பிள்ளை அறிந்த ஒன்றை விரிவாக்குகிறார்.

பெரிய எழுத்து பற்றிய விதிகளுக்குக் காரணம் உண்டு என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மாணவர் 'கப்பிட்டல்' என்றும் 'சிம்பிள்' என்றும் வழங்கும் இவ்விரு வடிவங்களும் ஒரே காலத்தில் பிறந்தவை அல்ல. பெரிய எழுத்து உரோமரின் கல்வெட்டுகளில் உளியால் வெட்டப்பட்ட வடிவம். சிறிய எழுத்து, தோலில் இறகினால் விரைந்து எழுதியோரின் கையில் படிப்படியாக உருவாகி, கி.பி. 800ஐ ஒட்டிய சார்லமேன் மன்னரின் காலத்தில் ஒழுங்குபெற்ற வடிவம். பின்னாளில் இரண்டும் ஒரே பக்கத்தில் சேர்ந்தபோது, பழைய வடிவம் தொடக்கங்களையும் சிறப்புப் பெயர்களையும் குறிப்பதற்கு ஒதுக்கப்பட்டது. உரோம எழுத்தைப் பயன்படுத்தும் மொழிகளுக்கிடையிலும் இவ்வழக்கம் ஒரே தன்மையதாக இல்லை. ஜெர்மன் மொழி எல்லாப் பெயர்ச்சொற்களையும் பெரிய எழுத்தில் தொடங்குகிறது. பிரெஞ்சும் ஸ்பானியமும் கிழமைகளையும் மாதங்களையும் சிறிய எழுத்திலேயே எழுதுகின்றன. ஆங்கிலமோ கிழமை, மாதம், மொழி, இனம், சமயம் ஆகிய அனைத்தின் பெயர்களுக்கும் பெரிய எழுத்தை வேண்டுகிறது. இது அறிவுக்கூர்மையைச் சோதிக்கும் விடயமன்று, ஒரு சமூகம் ஏற்றுக்கொண்ட உடன்பாடே என்பதை உணரும் பிள்ளை, தன் பிழையைக் கண்டு கூனிக் குறுகாமல், உடன்பாட்டைக் கற்றுக்கொள்ள முன்வரும்.

சிறப்புப் பெயர் என்பது ஒன்றை மட்டும் தனித்துச் சுட்டும் பெயர். பொதுப்பெயர் என்பது ஓரினத்தைச் சேர்ந்த எதற்கும் பொருந்தும் பெயர். தமிழ் இலக்கணத்தில் பிள்ளைகள் படித்த இப்பாகுபாட்டை விளக்க, இலண்டனும் தேம்ஸ் நதியும் வேண்டியதில்லை. அரிப்புக் கடலோரத்தில் இடிந்து நிற்கும், ஊரார் அல்லிராணிக் கோட்டை என்று அழைக்கும் மாளிகை, முத்துக்குளிப்பைப் பார்வையிட வரும் ஆளுநர் பிரெடெரிக் நோர்த்துக்காக 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டப்பட்டது. அதன் பெயரை முழுமையாக ஆங்கிலத்தில் எழுதும்போது 'அல்லி', 'ராணி' என்பவற்றோடு 'ஃபோர்ட்' என்னும் சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும். அந்தக் கோட்டை கடலுக்கு அருகில் உள்ளது என்று பொதுவாகச் சொல்லும்போது அதே 'ஃபோர்ட்' சிறிய எழுத்துக்குத் திரும்பிவிடும். அருவி ஆறு என்னும் பெயரில் 'ரிவர்' பெரிய எழுத்தைப் பெறும். பிள்ளைகள் ஆற்றில் குளித்தார்கள் என்னும்போது பெறாது. இவ்வாறு ஒரே சொல் பெயரின் உறுப்பாகும்போது உயர்வதையும் பொதுச்சொல்லாகும்போது தாழ்வதையும் தங்கள் ஊரிலேயே கண்டுகொள்ளும் பிள்ளைகளுக்கு, பத்து விதிகளைப் பட்டியலிட்டு மனனம் செய்விக்கும் தேவை பெரிதும் குறைந்துவிடும்.

கொண்டச்சி என்னும் பெயரே உங்களுக்குக் கிடைத்துள்ள மிகச் சிறந்த பாடம். 1803இல் இலண்டனில் வெளிவந்த, இலங்கையைப் பற்றிய றொபேட் பேர்சிவலின் நூல் கொண்டச்சிக் குடாவில் நிகழ்ந்த முத்துக்குளிப்பை விவரிக்கிறது. அந்நூல் ஊரின் பெயரை 'சி' என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கியது. இன்று அரச ஆவணங்களும் வரைபடங்களும் 'கே' என்னும் எழுத்தில் தொடங்குகின்றன. இருநூறு ஆண்டுகளில் எழுத்துக்கூட்டல் மாறியிருந்தும், முதலெழுத்து பெரியதாக இருக்க வேண்டும் என்ற நியதி மாறவில்லை. தன் ஊர் அத்தனை பழைய ஆங்கில நூலொன்றில் பெரிய எழுத்தோடு பதிவாகியிருப்பதை அறிந்த பிள்ளை, அப்பெயரைச் சிறிய எழுத்தில் எழுதத் தயங்கும் என்பதில் ஐயமில்லை.

தன்மை ஒருமையைக் குறிக்கும் 'ஐ' என்னும் சொல் வாக்கியத்தின் எந்த இடத்தில் வந்தாலும் பெரிய எழுத்தாகவே நிற்கும் என்பதைத் தனியே வலியுறுத்துங்கள். பழைய கையெழுத்துப் படிகளில் தனித்து நின்ற அச்சிறு கோடு கண்ணில் படாமல் போனதனால் அதை நீட்டி எழுதும் வழக்கம் தோன்றியது என்று கொள்ளப்படுகிறது. கிழமை, மாதம், மொழி ஆகியவற்றின் பெயர்களில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. நாள்தோறும் கரும்பலகையின் மேல்மூலையில் திகதியை எழுதும் பொறுப்பை முறைவைத்து ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒப்படைத்தாலே அவை கைவந்துவிடும்.

இனி ஒரு மனக்குறையை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தரம் மூன்றிலிருந்து முறையாக ஆங்கிலம் படித்து, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையின் வாசல்வரை வந்துவிட்ட மாணவர்களுள்கூட, தம் முழுப்பெயரை ஆங்கிலத்தில் தயக்கமின்றி எழுத முடியாதோர் இருக்கின்றனர். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருப்பதால், பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பெரும்பாலும் படிவத்தை நிரப்பித் தருபவரே தீர்மானிக்கிறார். முஹம்மது என்னும் ஒரு பெயரே வெவ்வேறு கைகளில் வெவ்வேறு எழுத்துக்கூட்டல்களைப் பெற்று, பரீட்சைச் சான்றிதழில் ஒன்றாகவும், தேசிய அடையாள அட்டையில் வேறொன்றாகவும், கடவுச்சீட்டில் மற்றொன்றாகவும் பதிவாகிவிடுகிறது. அவற்றை ஒத்திசையச் செய்யச் சத்தியக்கடதாசியோடு அலைய வேண்டிய நிலை பின்னர் அக்குடும்பத்துக்கே நேர்கிறது. முதலெழுத்துகளுடன் பெயர் எழுதும் முறையும் இத்தகையதே. ஒவ்வொரு முதலெழுத்தும் பெரியதாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் பின் புள்ளி இட வேண்டும், இறுதியில் வரும் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கிச் சிறிய எழுத்தில் தொடர வேண்டும் என்ற மூன்று சிறு செய்திகளை ஒரே பாடவேளையில் கற்பித்து முடிக்கலாம்.

படிவங்கள் இன்னொரு குழப்பத்தையும் உண்டாக்குகின்றன. விண்ணப்பப் படிவங்கள் பல, பெயர் முழுவதையும் பெரிய எழுத்தில் தனித்தனியாக எழுதுமாறு கேட்கின்றன. கையெழுத்து வேறுபாட்டினால் வாசிப்பில் பிழை நேராதிருப்பதற்காக, கட்டங்களுக்கு மட்டும் உரியதாக ஏற்பட்ட ஏற்பாடு அது. இவ்வேறுபாடு சொல்லப்படாததனால், பெரிய எழுத்தே மரியாதைக்குரியது என்று கருதும் இளைஞர்கள், பிரதேச செயலகத்துக்கோ தொழில் வழங்குநருக்கோ எழுதும் கடிதம் முழுவதையும் பெரிய எழுத்தில் எழுதிவிடுகின்றனர். அக்கடிதத்தில் எது பெயர், எது வாக்கியத் தொடக்கம் என்று பிரித்தறிய வழியில்லாமல் போகிறது. எல்லாம் பெரியதாகிவிட்டால் பெரிய எழுத்து எதையும் சுட்டாது என்பதை ஒரே பத்தியை இருவகையாகவும் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் பிள்ளைகள் உடனே கண்டுகொள்வார்கள்.

பெரிய எழுத்தைவிட ஆழமான இடர்ப்பாடு வாக்கிய அமைப்பில் இருக்கிறது. இவ்விடத்தில் தமிழ் இலக்கணத்தை நீங்கள் துணைக்கு அழைத்தே ஆக வேண்டும். தமிழில் 'வந்தேன்' என்னும் ஒரு சொல்லே முழு வாக்கியமாகும். வினைமுற்றின் 'ஏன்' என்னும் விகுதி, வந்தவர் யார் என்பதைத் தானே உணர்த்திவிடுவதால், எழுவாய் வெளிப்படையாக வர வேண்டியதில்லை. அவ்வாறே 'என் தந்தை மீனவர்' என்பது வினைச்சொல் இல்லாமலேயே நிறைவுபெற்ற வாக்கியம். 'மீனவர்' என்னும் பெயர்ச்சொல்லே பயனிலையாக நிற்கிறது. ஆங்கிலம் இவ்விரு வசதிகளையும் தருவதில்லை. ஏவல் வாக்கியம் நீங்கலாக, எழுவாய் வெளிப்பட நிற்க வேண்டும். அதற்கு இயைந்த வினைமுற்று ஒன்று இருந்தே ஆக வேண்டும். ஆகவே 'மை ஃபாதர் ஃபிஷர்மன்' என்று எழுதும் பிள்ளை, தமிழ் வாக்கியத்தைச் சரியாக அமைத்து, அதன் சொற்களுக்கு ஆங்கிலத்தை இட்டிருக்கிறது. 'மை வில்லேஜ் நேம் கொண்டச்சி' என்பதும் அத்தகையதே. 'இஸ்' என்னும் சொல்லைச் சிவப்பு மையால் செருகிவிட்டு நகர்ந்தால் அது அடுத்த நாளும் விடுபடும். தமிழில் பெயரே பயனிலையாகும், ஆங்கிலத்தில் ஆகாது என்ற ஒரே செய்தியைத் தமிழிலேயே விளக்கிச் சொன்னால், பிள்ளை தன் வாக்கியத்தைத் தானே சோதித்துக்கொள்ளும்.

ஆங்கில வகுப்பில் தமிழ் ஒலிக்கக் கூடாது என்று நம்பும் ஆசிரியர்கள் உங்களுள் இருக்கக்கூடும். கேட்டலுக்கும் பேச்சுக்கும் உரிய பாடவேளைகளில் அந்த நம்பிக்கைக்கு இடமுண்டு. ஆனால் தமிழின் அமைப்பிலிருந்து பிறக்கும் பிழையைத் தமிழைத் தொடாமல் விளக்க முற்படுவது, நோயின் இடத்தைச் சுட்டாமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

வாக்கியங்கள் காற்புள்ளியால் சங்கிலியாகத் தொடர்வதற்கும் தமிழிலேயே விடை இருக்கிறது. வினையெச்சம் என்பது, வேறொரு வினையைக் கொண்டு முடியும், தன்னளவில் நிறைவுபெறாத வினைச்சொல். 'தந்தை கடலுக்குப் போய், மீன் பிடித்து வந்து கொடுக்க, தாய் சமைக்க, பிள்ளைகள் உண்டார்கள்' என்னும் வாக்கியத்தில் மூன்று வெவ்வேறு எழுவாய்கள் இருந்தும் வினைமுற்று ஒன்றே. எச்சங்கள் அனைத்தையும் அது தாங்கி நிற்கிறது. இதே எண்ணத்தை ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளை, எச்சங்களுக்கு நிகரான வடிவங்களை அறியாததனால், ஒவ்வொன்றையும் வினைமுற்றாக்கி, தமிழில் இட்ட காற்புள்ளியை மட்டும் அப்படியே கொண்டுசெல்கிறது: 'மை ஃபாதர் வென்ட் டு த சீ, ஹி கோட் ஃபிஷ், மை மதர் குக்ட் இட், வீ ஏட்.' தனித்து நிற்கக்கூடிய நான்கு வாக்கியங்கள் இங்கே காற்புள்ளியால் மட்டும் ஒட்டப்பட்டுள்ளன. ஆங்கில எழுத்து வழக்கு அதைப் பிழையென்றே கொள்ளும். முற்றுப்புள்ளி இட்டுப் புதிய பெரிய எழுத்தில் தொடங்குவது ஒரு வழி. 'அண்ட்', 'பட்', 'வென்', 'ஆஃப்டர்' போன்ற இணைப்புச் சொல்லால் சேர்ப்பது மற்றொரு வழி. முதலில் முந்தியதைக் கற்பித்து, அது நிலைபெற்ற பின்னர் பிந்தியதற்குச் செல்லுங்கள். சிறு வாக்கியங்களை அமைக்கத் தெரிந்த பிள்ளைக்கே நீண்ட வாக்கியம் கைகூடும்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. 'ஏனெனில் மழை பெய்தது' என்பது தமிழில் தனி வாக்கியமாக நிற்கும். ஆனால் 'பிகோஸ் இட் ரெய்ண்ட்' என்பதை மட்டும் எழுதி முற்றுப்புள்ளி இட்டால், ஆங்கில எழுத்து வழக்கில் அது வேறொரு வாக்கியத்தைச் சார்ந்து நிற்க வேண்டிய துண்டாகவே கருதப்படும். பாடசாலைக் கட்டுரைகளில் இத்துண்டு இடையறாது வருவதற்கும், அதை எழுதிய பிள்ளைக்குத் தன் பிழை புலப்படாமல் போவதற்கும் இதுவே காரணம். வினாவாக்கியத்தைப் பொறுத்தவரை, தமிழில் 'ஆ' என்னும் வினாவெழுத்து செய்யும் வேலையை ஆங்கிலத்தில் சொல்வரிசை மாற்றம் செய்கிறது என்றும், வினாக்குறி அதற்குத் துணையே என்றும் சொன்னால் போதும்.

நிறுத்தக்குறிகள் அந்நியமானவை என்ற எண்ணமும் பிள்ளைகளிடம் வேரூன்ற விடாதீர்கள். ஏட்டுச்சுவடிகளில் நிறுத்தக்குறிகள் இருக்கவில்லை. மெய்யெழுத்தின் புள்ளிகூடப் பெரும்பாலும் இடப்படவில்லை. அச்சு நூல்கள் பெருகிய 19ஆம் நூற்றாண்டில், யாழ்ப்பாணத்து நல்லூரைச் சேர்ந்த ஆறுமுக நாவலர் (1822–1879) தம் உரைநடை நூல்களில் குறியீடுகளை முறையாகக் கையாண்டு தமிழ் உரைநடைக்குத் தெளிவூட்டினார். தமிழ் மக்கள் தம் மொழிக்கே ஒருகால் புதிதாகக் கற்றுக்கொண்டவற்றை இன்றைய பிள்ளைகள் இன்னொரு மொழிக்காகக் கற்கிறார்கள்.

இத்தனையையும் உங்களிடமே கேட்பதற்குக் காரணம் உண்டு. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது முசலியின் முஸ்லிம் ஊர்களும் வெறிச்சோடின. 2009இல் போர் முடிந்த பின்னரே மீள்குடியேற்றம் பெருமளவில் நடைபெற்றது. இன்று பிள்ளைகளின் பெற்றோராக இருப்போருட் பலர், புத்தளத்து முகாம்களிலும் இடம்பெயர்ந்த பாடசாலைகளிலும் துண்டு துண்டாகக் கல்வி கற்றவர்கள். மாலையில் கொப்பியை வாங்கிப் பார்த்து, பெரிய எழுத்து எங்கே என்று கேட்கக்கூடியவர் பல வீடுகளில் இல்லை. நகரத்துப் பிள்ளைக்கு வகுப்பறையில் விடுபட்டதைத் தனியார் வகுப்பு நிரப்பலாம். கொண்டச்சிப் பிள்ளைக்கு வகுப்பறையில் விடுபட்டது விடுபட்டதுதான். 1987இல் அரசியலமைப்பு ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று வகுத்தது. காணி, தொழில், கடற்றொழில் பற்றிய முறைப்பாடுகளை அம்மொழியில் கொழும்புக்கு எழுதும் ஊர் மக்களின் கடிதம், முதல் வரியிலேயே குழம்பிக் கிடக்குமாயின், அதன் நியாயம் வாசிப்பவரைச் சென்றடையத் தாமதமாகும்.

பெரிய வகுப்புகள், முடிக்க வேண்டிய பாடத்திட்டம், போதாத ஆசிரியர் எண்ணிக்கை ஆகிய சுமைகளை நீங்கள் தாங்கிக்கொண்டிருப்பதை மறுப்பதற்கில்லை. அதனாலேயே வேண்டுகோள் சிறியதாக அமைந்திருக்கிறது.

ஒவ்வோர் ஆங்கிலப் பாடவேளையிலும் முதற் பத்து நிமிடங்களை ஒதுக்கி, பிள்ளைகள் அன்று கண்டதைப் பற்றி மூன்று வாக்கியங்கள் மட்டும் எழுதச் செய்யுங்கள். கடல், மரமுந்திரிகைத் தோட்டம், பேருந்து, வீட்டுச் சமையல் என்று எதுவாகவும் இருக்கட்டும். எழுதியதை உரக்க வாசித்து, குரல் நிற்கும் இடத்தில் வாக்கியம் நிறைவுற்றதா என்று அவர்களே பென்சிலால் பார்க்கட்டும். யார் அல்லது எது, அதன் வினை எது என்ற இரு கேள்விகளை ஒவ்வொரு வாக்கியத்திடமும் கேட்கட்டும். முதற் தவணையில் தொடக்கத்துப் பெரிய எழுத்தையும் முடிவுக் குறியையும் பெயர்களின் முதலெழுத்தையும் மட்டுமே திருத்துங்கள். மற்றப் பிழைகளை அந்தப் பத்து நிமிடங்களில் தொடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்திய பக்கத்தில் பிள்ளையின் கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை. இரண்டாம் தவணையில் எழுவாயையும் வினைமுற்றையும், மூன்றாம் தவணையில் காற்புள்ளியையும் இணைப்புச் சொற்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றோடு, தரம் ஐந்தை விட்டு வெளியேறும் ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயர், பெற்றோர் பெயர், ஊர், பாடசாலை ஆகிய நான்கையும் ஆங்கிலத்தில் பிழையின்றி எழுதுவதை உறுதிசெய்யுங்கள். பெயரின் எழுத்துக்கூட்டலைப் பெற்றோரோடு கலந்து ஒருமுறை தீர்மானித்து, அதையே எல்லாப் பதிவேடுகளிலும் பயன்படுத்துமாறு அதிபரிடம் கேளுங்கள்.

இதற்குச் சுற்றறிக்கையோ புதிய நூலோ நிதியோ தேவையில்லை என்பதால், எவருடைய அனுமதிக்கும் காத்திராமல் அடுத்த தவணையின் முதற் கிழமையிலேயே தொடங்குங்கள். தவணை முடிவில் நடைபெறும் பெற்றோர் கூட்டத்தில், ஒவ்வொரு பிள்ளையின் முதற் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் அருகருகே வைத்து, அப்பிள்ளையையே எழுந்து வேறுபாட்டை விளக்கச் செய்யுங்கள்.